கிச்சனில் கற்ற பாடம்

ஓங்கி அடித்தே பழகியவர் அவர். மெதுவாக அடிக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு எலும்பு முறிவு தேவைப்பட்டது. கற்றுக்கொடுக்க மனைவி தேவைப்பட்டார்.

மாலை ஆறு மணி. மும்பை செம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே உள்ள கோர்ட்டில் 'டொக், டொக்' என்று சத்தம் கேட்கத் தொடங்குகிறது. கெட்டியான மட்டையில் பிளாஸ்டிக் பந்து மோதும் சத்தம். மூன்றாவது மாடியில் யாரோ ஜன்னலை அறைந்து சாத்துகிறார்கள். கீழே 61 வயது மனிதர் ஒருவர், வலைக்கு அப்பால் நிற்கும் மனைவி அனுப்பும் பந்துகளை மெல்ல, மிக மெல்லத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். மொத்தம் ஐம்பது பந்து. எண்ணுவது மனைவி. ஒன்று வலையில் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து.

இரண்டு வருடத்துக்கு முன் இப்படி ஒரு காட்சியை யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். மதுரையில் கல்லூரி நாட்களில் டென்னிஸ் ஆடியவர். வங்கி வேலைக்கு வந்த பிறகும் ஊழியர் போட்டிகளில் அவருடைய சர்வீஸுக்குத் தனி மரியாதை உண்டு. பணியிலும் அப்படித்தான். ஆய்வுப் பிரிவில் இருந்தார். அவர் வருகிறார் என்றால் கிளை மேலாளர்கள் முந்தின இரவே பதிவேடுகளைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவருக்குப் போக இடம் இல்லை. சர்க்கரை ஏறியது. "எதையாவது ஆடுங்கள்" என்றார் டாக்டர்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்பின் பழைய பேட்மின்டன் கோர்ட்டில் புதுக் கோடுகள் போட்டார்கள். அதிகச் செலவில்லை. பேட்மின்டன் இரட்டையர் கோர்ட்டும் பிக்கிள்பால் கோர்ட்டும் ஒரே அளவு: 44 அடி நீளம், 20 அடி அகலம். வலைக்கு ஆறரை அடி தூரத்தில் இருந்த கோட்டை ஏழு அடிக்குத் தள்ளி, வலையை இறக்கிக் கட்டினால் வேலை முடிந்தது. வலையின் உயரம் ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34.

இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல. 1965ல் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகே பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிச்சர்ட் என்ற அரசியல்வாதியும் அவருடைய நண்பர் பில் பெல்லும் கோடை விடுமுறையில் போரடித்துக் கிடந்த குடும்பத்துக்காக ஒரு விளையாட்டை உண்டாக்கினார்கள். வீட்டில் பேட்மின்டன் கோர்ட் இருந்தது, சாமான்கள் சரியாக இல்லை. டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டைப் பந்தையும் எடுத்துக்கொண்டு ஆடிப் பார்த்தார்கள். பிறகு பார்னி மெக்கல்லம் என்ற இன்னொரு நண்பரும் சேர்ந்து விதிகளை ஒழுங்குபடுத்தினார். கனடாவில் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த சுனில் வலவல்கர் மும்பையில் அதைப் பரப்பினார். 2008ல் அகில இந்திய பிக்கிள்பால் சங்கம் உருவானது. அதன் பிறகும் பல வருடம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கொரோனாவுக்குப் பிந்தைய வருடங்களில்தான் நகரங்களின் மொட்டை மாடிகள்வரை அது ஏறியது.

"ஊறுகாய்ப் பந்தா? பேரே நல்லாயிருக்கே" என்றார் மனைவி. 57 வயது. பள்ளிக்கூடத்தில் ஆடிய ரிங் பாலுக்குப் பிறகு எந்த மைதானத்திலும் கால் வைக்காதவர். இரட்டையர் ஆட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பதால் கணவர் அவரையும் இழுத்து வந்தார்.

'விடு, நான் பார்த்துக்கறேன்'

முதல் இரண்டு வாரம் நடந்ததை அந்தக் குடியிருப்பில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கணவர் கோர்ட் முழுக்க ஓடினார். இடது பக்கம் அவருடையது. வலது பக்கமும் அவருடையதுதான். மனைவியின் கால் அருகே வந்த பந்தையும் "விடு, நான் பார்த்துக்கறேன்" என்று குறுக்கே பாய்ந்து அடித்தார். வலைக்குக் கீழே இருந்த பந்தைக்கூட ஓங்கித்தான் அடித்தார். பாதி வலையில் விழும், மீதி கோட்டைத் தாண்டிப் போகும். நடுவில் ஒன்று மின்னல் மாதிரி உள்ளே விழுந்தால், அதையே அன்று இரவு சாப்பாட்டு வேளைவரை பேசுவார்.

'விடு, நான் பார்த்துக்கறேன்' என்ற வாசகம் மனைவிக்குப் புதிதல்ல. கல்யாணமான 32 வருடத்தில் வீட்டு வாடகை, மகளின் கல்லூரி, செம்பூரில் வாங்கிய ஃபிளாட் என்று எல்லா இடத்திலும் கேட்டதுதான். வீட்டில் அது ஒரு வகையில் சௌகரியமாகவே இருந்தது. கோர்ட்டில் நான்கு பேர் பார்க்க, கையில் மட்டையோடு சும்மா நிற்பது வேறு விஷயம். மூன்றாவது வாரம் அவர் இறங்கி வரவில்லை. "அங்க எனக்கு என்னங்க வேலை? நின்னு வேடிக்கை பாக்கறதுக்கு நம்ம பால்கனியே போதும்" என்று சொல்லிவிட்டார்.

கணவருக்கு அது உறைக்கவில்லை. சமாதானப்படுத்தி மறுபடி கூட்டி வந்தார். நவம்பர் மாதத்தில் ஒரு நாள், எதிர் அணி மனைவியின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அனுப்பியது. மனைவி திரும்பி ஓட ஆரம்பிக்கும் முன்பே வழக்கமான குரல் கேட்டது. கணவர் வலையைப் பார்த்தபடியே, பின்பக்கமாக ஓடினார். குதிகால் தடுக்கியது. இடது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கொஞ்சம் வயதானவர்கள் இந்த ஆட்டத்தில் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். சின்ன கோர்ட், மெதுவான பந்து, என்ன ஆகிவிடப்போகிறது என்ற தைரியம். பின்னால் போகவேண்டுமென்றால் உடம்பைத் திருப்பிக்கொண்டு, பந்தைத் தோளுக்கு மேல் பார்த்தபடி ஓடவேண்டும். பின்னோக்கி ஓடவே கூடாது. எட்டாத பந்தை விட்டுவிட்டால் போவது ஒரு புள்ளிதான். அவர் போட்டிருந்ததோ நடைப்பயிற்சிக்கான ஷூ. பக்கவாட்டில் நகரும் காலை அது தாங்காது.

ஒரு ஆய்வாளரின் நோட்டு

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் உட்கார முடியவில்லை. மாலையானால் கோர்ட் ஓரத்து சிமென்ட் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இரண்டாவது வாரம் பழைய வங்கி டைரி ஒன்றை எடுத்து வந்தார். 35 வருடப் பழக்கம் விடுமா? ஒவ்வொரு புள்ளியும் எப்படிப் போனது என்று பத்தி பிரித்து எழுத ஆரம்பித்தார்: 'வலை', 'வெளியே', 'கிச்சன் கால்', 'எதிராளியின் திறமை'.

கிச்சன் என்பது வலைக்கு இரு பக்கமும் உள்ள ஏழு அடிப் பகுதி. அதற்குள் நின்று, தரையில் விழாத பந்தை அடிக்கக் கூடாது. வெளியே நின்று அடித்த வேகத்தில் உள்ளே காலை வைத்தாலும் தப்பு. கோட்டை மிதித்தாலும் தப்பு. பந்து தரையில் விழுந்து எழும்பினால் தாராளமாக உள்ளே போய் அடிக்கலாம். வலையருகே நின்று உயரமானவர்கள் எல்லாப் பந்தையும் அறைந்து முடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. "உங்களுக்குக் கிச்சன் பக்கம் போனாலே ஆகாதே, இதுல எப்படி ஜெயிப்பீங்க?" என்று மனைவி கேட்டது குடியிருப்பில் பிரபலம்.

பத்து நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது அவருக்கே திகைப்பாக இருந்தது. 'எதிராளியின் திறமை' பத்தியில் அநேகமாக ஒன்றுமே இல்லை. 'வலை'யும் 'வெளியே'யும் நிரம்பி வழிந்தன. யாரும் புள்ளியை ஜெயிக்கவில்லை, எதிராளி கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். யார் கடைசியாகத் தப்புச் செய்வது என்பதில்தான் ஆட்டமே இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தார். தோள் உயரத்துக்கு விறைப்பாகப் பறந்து வந்த பந்துகளை ஆட்டக்காரர்கள் பயந்துபோய் மட்டையை நீட்டித் தடுத்தார்கள். தடுக்காமல் விட்டிருந்தால் பல பந்துகள் பின்கோட்டைத் தாண்டி விழுந்திருக்கும். அதாவது, எதிராளி செய்த தப்பை இவர்களே காப்பாற்றிக் கொடுத்தார்கள். டைரியில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'தோளுக்கு மேல் வந்தால் விட்டுவிடு.'

இதே நாட்களில் கோர்ட்டில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. கணவர் இல்லாத இடத்தில் மனைவி ஆட ஆரம்பித்திருந்தார். இரண்டாவது பிளாக்கில் இருக்கும் மராட்டிய இளைஞன் ஒருவன், வயது 24, ஆர்வமுள்ளவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தான். ஓங்கி அடிக்கும் பழக்கம் அவரிடம் இல்லாததால், மறக்கவேண்டியதும் எதுவும் இல்லை. "ஆன்ட்டிக்குக் கை நல்ல கை" என்றான் அவன். பெஞ்சில் இருந்தவர் அதைக் கேட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது அடி

ஜனவரியில் கட்டு பிரித்தார்கள். பிசியோதெரபி முடிந்து கோர்ட்டுக்குத் திரும்பியவரிடம் இளைஞன் முதலில் சொன்னது, மட்டையைப் பிடிக்கும் பிடியைப் பற்றி. "அங்கிள், முழு பலத்தோடு இறுக்குவது பத்து என்றால், உங்கள் பிடி மூன்றோ நான்கோ இருந்தால் போதும்." இறுக்கிப் பிடித்த மட்டையில் பந்து எகிறும். தளர்வாகப் பிடித்தால் மட்டையே வேகத்தை வாங்கிக்கொள்ளும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் 40 வருடம் இறுக்கிய கை. பந்து வரும் கணத்தில் விரல்கள் தாமாக முறுக்கிக்கொண்டன.

அடுத்தது மூன்றாவது அடி. பிக்கிள்பாலின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. சர்வீஸ் போட்ட பந்து தரையில் விழுந்த பிறகே எதிராளி அடிக்கவேண்டும். அது திரும்பி வரும்போதும் தரையில் விழுந்த பிறகே அடிக்கவேண்டும். அதனால் சர்வீஸ் போடும் அணி பின்கோட்டிலேயே காத்திருக்க நேரிடும். சர்வீஸை எடுத்த அணியோ பந்தை ஆழமாக அனுப்பிவிட்டு, கிச்சன் கோட்டுக்கு ஓடி வந்து ஜம்மென்று நின்றுகொள்ளும். டென்னிஸில் சர்வீஸ் போடுபவர் ராஜா. இங்கே அவர்தான் பின்தங்கியவர். அந்தப் பள்ளத்திலிருந்து மேலே வர ஒரே வழி, வலையைத் தாண்டியதும் இறங்கி எதிராளியின் கிச்சனுக்குள் சாதுவாக விழும் ஒரு பந்து. அதைக் கீழிருந்துதான் தூக்க வேண்டும், அறைய முடியாது. அந்த அவகாசத்தில் இவர்கள் முன்னேறிவிடலாம்.

அவரோ மூன்றாவது அடியை எப்போதும் ஓங்கியே அடித்திருக்கிறார். எதிரே வலையருகே நிற்பவர்கள் மட்டையை நீட்டினால் போதும், அதே வேகத்தில் பந்து அவர் காலடிக்கே திரும்பி வரும். பந்தின் எடை 22 முதல் 26 கிராம்தான். உடம்பெல்லாம் துளை. எவ்வளவு பலமாக அடித்தாலும் காற்று அதன் வேகத்தைத் தின்றுவிடும். டென்னிஸ் பந்தை நம்பி வளர்ந்த கைக்கு இது புரிய நாளாயிற்று.

பயிற்சியைப் படிப்படியாக வைத்தான் இளைஞன். முதலில் கிச்சன் கோட்டில் நின்று எதிர்க் கிச்சனுக்குள் போடவேண்டும். பத்துக்கு எட்டு விழுந்தால் ஒரு அடி பின்னால். அங்கும் விழுந்தால் இன்னொரு அடி. பின்கோடுவரை போக அவருக்கு ஐந்து வாரம் ஆனது. பந்தை உடம்புக்கு முன்னால், அது இறங்கி வரும்போது சந்திக்கவேண்டும். மணிக்கட்டைச் சுழற்றக் கூடாது. முழங்கால் மடங்கி, தோளிலிருந்து கை கீழிருந்து மேலே போகவேண்டும். ஊஞ்சலை மெல்லத் தள்ளுவதுபோல என்று மனைவி அதற்கு உதாரணம் சொன்னார். இளைஞனின் விளக்கத்தைவிட அவருக்கு அதுதான் பிடிபட்டது.

பின்கோட்டுக்கும் கிச்சன் கோட்டுக்கும் நடுவே 15 அடி. அங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரே மூச்சில் ஓடி வந்துவிட முடியாது. எதிராளி அடிக்கப்போகும் நேரத்தில், எங்கே இருந்தாலும் இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிடவேண்டும். காலடிக்கு வரும் பந்தை எதிர்த்து அடிக்காமல், தளர்ந்த பிடியில் வாங்கி மறுபடி கிச்சனுக்குள் இறக்கவேண்டும். பிறகு இரண்டு அடி முன்னேற்றம். பிறகு மறுபடி நில்.

முன்னே வந்த பிறகு நடப்பது பொறுமைப் பரீட்சை. நான்கு பேரும் கோட்டருகே நின்று கிச்சனுக்குள் மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நேராகத் தட்டினால் கோட்டுக்குக் கோடு 14 அடி. மூலைக்கு மூலை தட்டினால் 24 அடிக்கு மேல் இடம் கிடைக்கும். தாழ்வான நடுவலையும் உதவும். அதனால் குறுக்காகத் தட்டுவதே பத்திரம். வலை உயரத்துக்கு மேலே ஒரு பந்து எழும்பும்வரை அடிக்கக் கூடாது. எழும்பினால் தயங்கக் கூடாது. அப்போதும் குறி ஓரக் கோடு அல்ல. எதிராளியின் காலடி, இல்லையென்றால் இருவருக்கும் நடுவே. நடுவில் போனால், 'உன் பந்தா, என் பந்தா' என்று இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதற்குள் புள்ளி முடிந்துவிடும்.

யார் பந்து?

இந்தக் கேள்வி இவர்கள் பக்கமும் இருந்தது. ஒரு ராத்திரி, சாப்பாட்டு மேஜையில் டைரியை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் பேசினார்கள். நடுவில் வரும் வேகமான பந்து கணவருக்கு, ஏனென்றால் இடது பக்கம் நிற்கும் அவருடைய வலது கை அங்கே இருக்கிறது. மனைவி குறுக்காகத் தட்டிக்கொண்டிருக்கும்போது அவருக்கு எட்டும் மெதுவான பந்து அவருக்கே. ஒருவர் ஓரத்துக்கு இழுக்கப்பட்டால் மற்றவரும் அதே பக்கம் நகரவேண்டும். இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்ட மாதிரி.

தலைக்கு மேலே போகும் பந்துதான் பாக்கி. பல ஜோடிகளில் பக்கத்தில் இருப்பவர் குறுக்கே ஓடி அதை எடுப்பதுண்டு. அதை அவர் சொல்ல வாயெடுத்தார். மனைவி அவருடைய இடது மணிக்கட்டைப் பார்த்தார். "என் தலைக்கு மேல போறது என்னோடது. நான் திரும்பி ஓடிக்கறேன். நீங்க உங்க இடத்துல இருங்க, போதும்." கணவர் டைரியில் எழுதிக்கொண்டார்.

எழுதுவது சுலபம். அடுத்த பல நாட்கள் அவருடைய கால்கள் தாமாகவே பாதி தூரம் ஓடி, ஞாபகம் வந்து நின்றன. "விடு" என்ற சொல் வாய்வரை வந்து நின்றது. மனைவியின் பந்து வெளியே போனால் முகத்தில் ஒரு சுளிப்பு வரும். அதையும் நிறுத்தச் சொன்னார் மனைவி. "தப்பு பண்ணினது நானு. அத நீங்க மூஞ்சில வேற எழுதிக் காட்டணுமா?" முகத்தை மாற்றுவதற்குத்தான், மூன்றாவது அடியைவிட அதிக நாள் பிடித்தது என்கிறார் கணவர்.

மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பிளாக்குகளுக்கு இடையே போட்டி வைத்தார்கள். 16 ஜோடிகள். பெரும்பாலும் முப்பது வயதுக்காரர்கள். இந்த ஜோடி இரண்டு சுற்று ஜெயித்தது. ஓங்கி அடித்த இளைஞர்களின் பந்துகளைத் தளர்ந்த பிடியில் வாங்கி இறக்கினார்கள். தோளுக்கு மேல் வந்தவற்றைக் குனிந்து விட்டார்கள். பொறுமை இழந்த இளைஞர்கள் வலையில் அடித்தார்கள். கணவர் மனதுக்குள் 'வலை' பத்தியில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

அரை இறுதி. எதிர் அணி 10-9 என முன்னணி. சர்வீஸும் அவர்களிடமே. மனைவி பந்தை ஆழமாகத் திருப்பி அனுப்பிவிட்டு முன்னே வந்தார். நான்கு பேரும் கோட்டருகே. தட்டல் நீண்டது. திடீரென்று எதிராளி பந்தைத் தூக்கினார். அது மனைவியின் தலைக்கு மேலே போயிற்று.

கணவரின் வலது கால் அசைந்தது. பிறகு நின்றுவிட்டது.

மனைவி திரும்பி ஓடினார். பந்து பின்கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்து எழும்பியது. அவர் எட்டிவிட்டார். மேலே தூக்கி அனுப்பியிருக்கலாம், ஓங்கியும் அடித்திருக்கலாம். முழங்காலை மடக்கி, கற்றுக்கொண்டபடி, கிச்சனுக்குள் இறக்கப் பார்த்தார். பந்து வலையின் மேல் நாடாவில் பட்டு ஒரு கணம் தயங்கியது. பிறகு இவர்கள் பக்கமே விழுந்தது. 11-9.

கை குலுக்கிவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். யாரோ எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. மனைவிதான் கேட்டார்.

"அந்தப் பந்து உங்களுக்கு எட்டியிருக்கும்ல?"

"எட்டியிருக்கும்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் ஏன் வரல?"

"உன்னோட பந்தாச்சே."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். சுளிப்பு ஏதுமில்லை. "சரியான அடிதான் அடிச்சே. ஒரு அங்குலம் உயரம் பத்தல" என்றார் கணவர், டைரியில் எழுதுகிற குரலில். எந்தப் பத்தியில் அதை எழுதுவது என்று இருவரும் யோசித்தார்கள். 'வலை' என்றுதான் எழுத முடியும் என்றார் மனைவி. கணக்கு என்றால் கணக்கு.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவர்தான் முதலில் கோர்ட்டில் இறங்கி நின்றார். பின்கோட்டிலிருந்து ஐம்பது பந்து. அன்று பந்து போட்டதும் எண்ணியதும் கணவர். முப்பத்து நாலாவது பந்து வலையில் பட்டது.

"ஒண்ணுலேருந்து" என்றார் மனைவி, இவர் வாய் திறப்பதற்குள்.